எறங்கியாச்சா, காக்கா?

அந்தக் கொட்டகையில் மின்விசிறி கிடையாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஃப்ரீமான்ட்டில் ஒரு வீட்டு விருந்தில், கையில் பிரியாணித் தட்டோடு நின்றுகொண்டு, சுதாகர் நாலு பேர் நடுவில் அங்கே நடந்ததைச் சிரிப்புக் கதையாகச் சொன்னான். "ஃபேன் காத்துல ஒரு நூல் ஆடுச்சு, நம்ம மீரான் பாய் பேயைப் பாத்துட்டார்" என்று முடித்தான், எல்லாரும் சிரித்தார்கள், அந்த மீரான் நான்தான், நானும் பல்லைக் காட்டினேன், வீட்டுக்கு வந்து படுத்தால் கண் மூடவில்லை. ஃபேனாம். மின்சாரமே இழுக்காத தகரக் கொட்டகையில் ஃபேனாம். பக்கத்தில் நின்று பார்த்தவன், தன் கையையே நீட்டிப் பார்த்தவன் சொல்கிறான். அதனால்தான் எழுதுகிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் அவனோடு சேர்ந்து சிரித்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி சங்கதிகளை நம்புகிற ஆள் இல்லை நான். காயல்பட்டினத்தில் பிறந்தவன். எங்கள் ஊரில் ஜின் கதை இல்லாத தெரு கிடையாது, ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு இடமே இல்லை. சின்ன வயதில் பயந்து ஓடிவந்தால் வாப்பா, "ஜின் இருக்கு, அதுக்கு ஆயிரம் சோலி இருக்கு, ஒன்னயப் பயமுறுத்துறது அதுல ஒண்ணு இல்ல, போய்ப் படி" என்று விரட்டிவிடுவார். இங்கே கலிஃபோர்னியாவில் என் பிழைப்பு மென்பொருளில் பிழை தேடுவது. ஒரு பிழை இரண்டாம் தடவை வரவில்லை என்றால் அது வரவே இல்லை என்று எழுதி மூடிவிடுகிற உத்தியோகம். இப்படிப்பட்ட நான் சொல்கிறேன்.

கிளைடர் என்றால் இன்ஜின் இல்லாத விமானம். இதைச் சொன்னதும் நம்மவர்கள் எல்லாரும் "அப்போ விழுந்துடாதா?" என்றுதான் கேட்பார்கள். விழாது. இன்னொரு சின்ன விமானம் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொண்டு போகும், கயிற்றைக் கழற்றிய பிறகு வெயில்தான் இன்ஜின். சுட்ட தரையிலிருந்து காற்று தூண் தூணாக எழும்பும், கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூணுக்குள் புகுந்து வட்டம் போட்டு வட்டம் போட்டு ஏற வேண்டும், பருந்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே வித்தை. இதில் போட்டியும் உண்டு. குறித்த ஊர்களைச் சுற்றிவிட்டு யார் முதலில் வீடு திரும்புகிறார் என்று.

நான் சொல்லும் கிளைடர் ஏறக்குறைய என் வயது. ஜெர்மனியில் வார்த்தது, முழுக்க வெள்ளை, ஒரே ஆள் மல்லாந்து சாய்ந்து உட்காரும் இடம், மெலிந்து நீண்ட இரண்டு சிறகு. அந்தக் காலத்துப் போட்டிகளில் அது வரிசையில் வந்து நின்றாலே மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்குத்தான் கணக்குப் போடுவார்களாம். முதலில் வைத்திருந்தவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர். ஓட்டும் கோலின் பிடியில் அவர் சுற்றிய தோல் அப்படியே இருந்தது, விரல்கள் உட்கார்ந்த பள்ளத்தோடு. அவருக்குப் பிறகு நெவாடாவில் கணக்கு வாத்தியாராக இருந்த ஓர் அம்மாள். குள்ளமான அம்மாள், கால் எட்டுவதற்காக முதுகுக்குத் தானே ஒரு திண்டு தைத்துக்கொண்டாள், அதன் ஓரத்தில் நீலப் பூத்தையல், பாலைவனத்துக்கு மேலே தனியாகப் போகிறவளுக்கு எதற்குப் பூத்தையல் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், பூவைப் பார்க்க அங்கே யாரும் இல்லை, ஆனாலும் தைத்தாள். அவளுக்குப் பிறகு எங்கள் காக்கா.

ஹமீது காக்கா. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். மற்றத் தமிழர்களுக்கு அது பறவை. சுதாகர் சென்னைக்காரன், முதல் நாளே கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பாய், அண்ணனைப் போயி காக்காங்கறீங்க, அவர் நெஜமாவே பறக்குறார், சூப்பர் பாய்!" காக்கா கோபிக்கவில்லை. போட்டி கிளைடரின் வாலில் இரண்டு எழுத்து எழுத வேண்டும், ரேடியோவில் அதுதான் விமானத்துக்கும் பெயர், விமானிக்கும் பெயர். காக்கா கே கே என்று எழுதிக்கொண்டார். வெள்ளைக்காரர்கள் கிலோ கிலோ என்று கூப்பிடுவார்கள். ஏன் கே கே என்று கேட்டால், "மை பிரதர் கால்ஸ் மீ தட்" என்று என்னைக் கைகாட்டுவார். கூடப் பிறந்த தம்பி இல்லை நான், ஒரே தெருக்காரன், அவ்வளவுதான்.

எனக்குப் பறக்கத் தெரியாது. நான் தரை ஆள். வெயில் இறங்கிக் காற்று செத்துவிட்டால் கிளைடரும் இறங்கித்தான் ஆக வேண்டும், விமானத் தளம் எட்டவில்லை என்றால் எவனோ ஒருவனுடைய தக்காளி வயலில். நீள டிரெய்லரைக் காரில் கோத்துக்கொண்டு போய், சிறகைக் கழற்றி, ஏற்றி, ஆளையும் விமானத்தையும் வீட்டுக்குக் கொண்டுவர ஒருவன் வேண்டும். சனிக்கிழமை சனிக்கிழமை நான்தான் அந்த ஒருவன். மடியில் ஒரு ரேடியோவை வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு கிராமத்துச் சாலை ஓரம் காத்திருப்பேன். வெகு நேரம் சத்தம் இல்லை என்றால் கேட்பேன்.

"எறங்கியாச்சா, காக்கா?"

ஊரிலிருந்து யாராவது விமானம் ஏறினால் நாம் எல்லாரும் கேட்கும் அதே கேள்விதான். பறந்துகொண்டிருந்தால் அவர் குரலுக்குப் பின்னால் ஓர் இரைச்சல் இருக்கும், சிறகைக் காற்று உரசும் சத்தம், பட்டுத் துணியை யாரோ நிறுத்தாமல் கிழித்துக்கொண்டே போவது போல. இறங்கிவிட்டால் குரலுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

"எறங்கியாச்சுடா. அல்ஹம்துலில்லாஹ். புல்லு வயலு. நாயொண்ணு மொறச்சிக்கிட்டு நிக்கிது, சீக்கிரம் வா."

ஆனால் சக்கரம் நின்றவுடனே சொல்லிவிட மாட்டார், அதில் ஒரு பிடிவாதம். நான் கண்ணெதிரே வயல் வரப்பில் நின்று, அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டாலும், "பொறு" என்பார். எச்சில் விழுங்குவார், தாடையை அசைப்பார், மூக்கைப் பிடித்து ஊதுவார். "காது தொறக்கணும்டா. முள்ளு தரைக்கு வந்து, காதும் தொறந்தாத்தான் எறங்குன கணக்கு. அதுவரைக்கும் மனுசன் மேலதான் இருக்கான்." முள் என்று அவர் சொன்னது உயரமானியின் முள். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இப்போது வேறு நினைவே இல்லை.

ஒரு ரமலானில், விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு உட்கார்ந்த காக்கா எழுந்திருக்கவில்லை. வானத்தில் அத்தனை வருஷம் ஒன்றும் ஆகாத மனிதர், இங்கே வெஸ்ட் டப்ளினில் தன் வீட்டுக் கம்பளத்தின் மேல்.

கிளைடரில் பாதிப் பங்கு அப்போது சுதாகருடையது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவன், காக்காவின் மனைவி சபீனா ராத்தா முன்னால், மகள் நஸ்ரின் முன்னால், என் முன்னால் சொன்னான். "நீங்க கவலையே படாதீங்க அக்கா. நஸ்ரின் லைசென்ஸ் எடுக்கட்டும். அவளோட ஃபர்ஸ்ட் ஃப்ளைட் அப்பாவோட கிளைடர்லதான். ப்ராமிஸ்." அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும், பொய்யாக அழவில்லை. பராமரிக்க ஒரு கை வேண்டுமே என்று ராத்தா தன் பாதியையும் அவன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நஸ்ரின் ஓக்லண்டில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். இங்கேயே பிறந்தவள், தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். வார விடுமுறை எல்லாம் பயிற்சி. ஒரு வெயில் காலமும் இன்னொரு வெயில் காலமும் போய் லைசென்ஸ் வந்தது. வந்த வாரமே சுதாகர் வாட்ஸப்பில் செய்தி போடுகிறான். கிளைடருக்கு வயதாகிவிட்டதாம், மேற்பூச்சில் வெடிப்பாம், ஃப்ரீமான்ட்டில் உணவகம் திறக்கும் நண்பர் ஒருவர் அலங்காரத்துக்கு முன்பாதியைக் கேட்கிறாராம், வாலும் வேண்டுமாம், மிச்சத்தை அறுத்துப் போடுவதாம். வெடிப்பைப் பரிசோதித்த மெக்கானிக்கை நானே போய்க் கேட்டேன். குதிகால் வெடிப்பு மாதிரி, தோலோடு சரி, தேய்த்துப் பூசினால் இன்னும் ஒரு தலைமுறை பறக்கும் என்றார். சுதாகரிடம் சொன்னேன். "பாய், சென்டிமென்ட் ஆகாதீங்க. யாருக்கு டைம் இருக்கு?" அவன் இப்போது பறப்பது புது கிளைடர். அதில் சின்ன மின்சார இன்ஜின் உண்டு. காற்று செத்தால் பட்டனை அமுக்கி வீட்டுக்கு வந்துவிடலாம். வயல் தெரிய வேண்டாம், நாய் தெரிய வேண்டாம், சாலை ஓரம் காத்திருக்க ஒரு மனிதனும் வேண்டாம். எறங்கியாச்சா என்று அவனை யாரும் கேட்டதில்லை, கேட்க ஆளும் வைத்துக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவனுக்கு இது வெறும் ஓடு.

அறுக்கும் நாள் ஒரு சனிக்கிழமை, ஜூலை. லிவர்மோரைத் தாண்டி, மலையில் காற்றாலைகள் வரிசையாக நிற்கும் கணவாயையும் தாண்டி அந்தச் சின்ன விமானத் தளம். தினமும் அந்த மலை ஏறி வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அங்கே காற்றாலை சுற்றாமல் நிற்பது எவ்வளவு அபூர்வம் என்று. அன்றைக்கு ஒன்றுகூடச் சுற்றவில்லை. நண்பகல். பழுப்புப் புல் அசையவில்லை. ஃபைபர் தூசி வெளியே பறக்கக் கூடாது என்று தளத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள், அதனால் கொட்டகைக் கதவை இழுத்து மூடியாயிற்று. தகரம் கொதிக்கிறது. கூரையில் பதித்த பிளாஸ்டிக் தகட்டின் வழியாக வெளிச்சம். மின்சாரம் இல்லாததால் அறுக்க வந்தவர் பேட்டரி ரம்பம் கொண்டுவந்திருந்தார். பெரிய மீசைக்காரர், டிரேசி ஊர்ப் பக்கத்து ஆள், பழைய படகுகளை அறுத்துப் பழக்கமானவர். பேட்டரி ரம்பம் எதற்குக் கொண்டுவந்தார்? யோசியுங்கள். இதற்குப் பிறகும் ஃபேன்.

சிறகுகளை ஏற்கெனவே கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். உடம்பு மட்டும் ஒரு சின்னத் தள்ளுவண்டி மேல் கிடந்தது. மீசைக்காரர் எங்கே அறுக்க வேண்டுமென்று கறுப்பு நாடாவால் கோடு ஒட்டியிருந்தார். கழுத்தில் ஒன்று. வாலடியில் ஒன்று. அந்த நாடாவைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

நஸ்ரினை வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். வந்துவிட்டாள். பறக்கப் போகிறவள் மாதிரி தொப்பி, முழுக்கை சட்டை. சுதாகரைப் பார்த்து, "அங்கிள், கேன் ஐ ஸிட் இன் இட்? ஜஸ்ட் ஒன்ஸ்" என்றாள்.

"ஷ்யூர்மா, ஃபோட்டோ எடுக்கணுமா? நான் எடுக்குறேன்."

"நோ ஃபோட்டோ."

"ஃபோட்டோ எடுக்குறதுக்கு அறுத்த பொறவு கடைக்கே போயி எடுத்துக்கலாம்ல" என்றேன் நான்.

அவள் ஏறி, திண்டைச் சரிசெய்து, வாரையெல்லாம் கட்டிக்கொண்டாள். சிறகில்லாத விமானத்தில் எதற்கு வார். கண்ணாடி மூடியை இழுத்துத் தாழ்ப்பாளும் போட்டாள். மீசைக்காரர் ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டு மரியாதையாகத் தள்ளி நின்றார்.

இப்போது அந்த நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாக் கிளைடரிலும் கண்ணாடி மூடிக்கு வெளியே, நட்ட நடுவில், ஒரு சாண் கம்பளி நூல் ஒட்டியிருக்கும். பறக்கும்போது எதிர்க்காற்றில் பின்னோக்கிப் படியும். நேராகப் படிந்தால் விமானம் நேராகப் போகிறது, ஒரு பக்கம் சாய்ந்தால் கோணலாகப் போகிறது, அந்தப் பக்கத்துக்கேற்பக் காலால் மிதித்து நேராக்க வேண்டும். எத்தனை கருவி வந்தாலும் விமானி பார்ப்பது அந்த நூலைத்தான். காக்கா ஒட்டியிருந்தது சிவப்பு நூல், நஸ்ரின் கைக்குழந்தையாக இருந்தபோது ராத்தா பின்னிய ஸ்வெட்டரில் மிச்சம். தரையில் நிற்கும்போது அது செத்த புழு மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். அன்றும் அப்படித்தான் கிடந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நிமிர்ந்தது.

ஆடவில்லை, துடிக்கவில்லை. யாரோ நுனியைப் பிடித்து இழுத்த மாதிரி மெதுவாக எழும்பி, கண்ணாடியோடு கண்ணாடியாகப் பின்னோக்கி நீட்டிப் படிந்தது. நான் கதவைப் பார்த்தேன், மூடியிருந்தது. என் நெற்றி வியர்வையில் ஒரு சில்லிப்பு இல்லை. பக்கத்தில் நின்ற சுதாகர் "டேய்" என்றான், என்னைச் சொல்லவில்லை, யாரையும் சொல்லவில்லை. பிறகு உள்ளங்கையை விரித்து நூலுக்கு முன்னால், விமானத்தின் மூக்குப் பக்கம், நீட்டினான். காற்று வருகிறதென்றால் கை மறைத்ததும் நூல் விழ வேண்டும். விழவில்லை. அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இதைச் செய்தவன்தான் போன மாதம் பிரியாணித் தட்டோடு ஃபேன் என்றான்.

இன்னும் கேளுங்கள். நூல் இடது பக்கம் சாய்ந்தது. உள்ளே நஸ்ரின் கால் அசைந்தது, வாலில் சுக்கான் அசைந்தது, நூல் நேராயிற்று. மறுபடி சாய்ந்தது, மறுபடி மிதித்தாள், மறுபடி நேராயிற்று. வளையும்போது அப்படித்தான் ஆகும், காற்றுத் தூணுக்குள் வட்டம் போடும்போது. எந்த ஃபேன் ஒரு பெண்ணின் காலுக்குக் கட்டுப்படும்? அவள் எங்களைப் பார்க்கவில்லை. கண் நூலில் இருந்தது, நடுநடுவே பலகையில் இருக்கும் கருவிகளுக்குப் போய் வந்தது. காக்காவும் உதட்டை இப்படித்தான் உள்ளே மடித்துக்கொள்வார்.

கண்ணாடியில் கை வைத்தேன். வெளியே நெருப்பு வெயில், தகரம் தொட்டால் சுடுகிறது, அந்தக் கண்ணாடி ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், தெரியாது. மீசைக்காரர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். சுதாகருக்குத்தான் பொறுக்கவில்லை. கண்ணாடியை மோதிர விரலால் டக் டக் என்று தட்டினான்.

"நஸ்ரின், போதும்மா. எறங்கு. எறங்கும்மா."

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள், தூக்கத்தில் எழுப்பிய குழந்தை மாதிரி. தாழ்ப்பாளைத் திறந்தாள். உள்ளிருந்து வந்த காற்று என் முகத்தில் பட்டது, குளிர்ந்த, காய்ந்த, எந்த வாசமும் இல்லாத காற்று. அவள் கையைப் பிடித்து இறக்கினேன், விரல்கள் விறைத்து நீலம் பாய்ந்திருந்தன.

"ஒய் டிட் யூ ஸ்டாப் அஸ்?" என்றாள் சுதாகரிடம். அஸ் என்றாள். மீ என்று சொல்லவில்லை. "வீ வர் ஸ்டில் க்ளைம்பிங்."

அப்போதுதான் உள்ளே எட்டிப் பார்த்தேன். உயரமானி. அது மின்சாரத்தில் ஓடுவதில்லை, காற்றழுத்தத்தை மட்டும் வைத்து உயரம் காட்டும் பழைய முள் கருவி. அந்தத் தளம் கடல் மட்டத்தை ஒட்டி இருக்கிறது. முள் பன்னிரண்டாயிரம் அடியைத் தாண்டி நின்றது.

மீசைக்காரர் ரம்பத்தை எடுத்துப் பையில் போட்டார். ஒட்டிய நாடாவை ஒவ்வொன்றாக உரித்தார், உரித்த இடத்தைக் கட்டை விரலால் தேய்த்துவிட்டார். "நாட் மீ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முன்பின் தெரியாத ஒரு மனிதனுக்கு அந்த ஈரம் இருந்தது. சுதாகர் காரில் போய் உட்கார்ந்து ஏசியைப் போட்டுக்கொண்டான். நான் நினைத்தேன், தப்பித்தது என்று. இவ்வளவு பார்த்த பிறகு ஒரு மனிதன் அறுப்பானா என்று நினைத்தேன்.

அறுத்தான். எங்களுக்குச் சொல்லவே இல்லை. அடுத்த வாரம் வேலை நாளில், வேறு ஆளை வைத்து. நஸ்ரின் கொட்டகைக்குப் போய்ப் பார்த்து எனக்கு அனுப்பிய படத்தில் தரை முழுக்க வெள்ளைத் தூள், நடுவில் தள்ளுவண்டி மட்டும். ஃபோன் பண்ணினேன். "பாய், கமிட் பண்ணிட்டேன், அவர் கடை ஓப்பனிங் வருது" என்றான்.

"நீ பாத்தியா இல்லியா? உன் கையை நீட்டுனியா இல்லியா?"

"என்ன பாத்தேன்? ஹீட்ல ஏதோ ஆச்சு பாய். ஏர் கரன்ட். விடுங்க."

கை நீட்டியதை மறுபடி கேட்டேன், ஃபோனை வைத்துவிட்டான்.

அந்த உணவகத்துக்கு நான் போனேன், போகக் கூடாது என்றுதான் இருந்தேன், கால் நிற்கவில்லை. கை கழுவும் இடத்துக்கு மேலே சுவரிலிருந்து மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது எங்கள் கிளைடர், கழுத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, குழாய்களெல்லாம் அறுந்து சுவருக்குள் சொருகிக் கிடக்கின்றன. பக்கத்தில் வால். உரிமையாளர் நல்ல மனிதர், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. "சார், இந்த கே கே-ன்னா என்ன சார்? கஸ்டமர்ஸ் கேக்குறாங்க" என்றார். சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "பிரியாணிக் கடை சார் இது" என்றார். மறுமுறை போனபோது வாலில் வெள்ளைப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள்.

நூலைக் காணவில்லை. கண்ணாடியில் பசைத் தடம் மட்டும். உரிமையாளரிடம் கேட்டேன், வந்து சேர்ந்தபோதே இல்லை என்றார். அப்படியானால் பிய்த்தது யார்? கொட்டகையில் கழுத்தை அறுக்கும் அவசரத்தில் ஒரு சாண் நூலைத் தேடிப் பிய்த்து எறிய யாருக்கு அவசியம்? ஃபேன் காற்றில் ஆடிய நூலென்றால் ஏனப்பா சுதாகர் பிய்த்தாய்?

உரிமையாளர் இன்னொன்றும் கேட்டார். "சார், அந்த மீட்டர் கெட்டுப்போச்சா? பசங்க நாற்காலி போட்டு ஏறி எட்டிப் பாக்குறாங்க, ஜீரோல இருந்தா நல்லாருக்கும்னு அந்தக் குமிழைத் திருகி வச்சேன். மறுநாள் கடை தொறந்தா பழையபடி அங்கயே நிக்குது. ரெண்டு மூணு தடவ பண்ணிட்டேன்."

நாற்காலி மேல் ஏறிப் பார்த்தேன். பன்னிரண்டாயிரத்தைத் தாண்டி. அன்று எங்கே நின்றதோ அங்கே. ஆமாம், கெட்டுவிட்டது, விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல.

அதெல்லாம்கூடப் போகட்டும். பழைய கருவி, சிக்கிக்கொண்டது என்று நானே ஒரு நாள் எழுதி மூடிவிடுவேன். மூட முடியாதது வேறு.

நஸ்ரினோடு ஃபோனில் பேசினால் கொஞ்ச நாளாக "ஸே அகெயின் சாச்சா?" என்று இரண்டு தடவை கேட்கிறாள். வேலை அசதி என்று நினைத்தேன். பிறகு தானாகச் சொன்னாள். அன்று கொட்டகையில் காது அடைத்ததாம், விமானம் ஏறும்போது அடைக்குமே அப்படி, இரண்டு காதும். இன்னும் திறக்கவில்லை. கொட்டாவி விட்டுப் பார்த்தாள், மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தாள், அவள் மருத்துவமனையிலேயே காது டாக்டரிடம் காட்டினாள், காதில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். கிளப்பின் வேறு கிளைடரில் ஏறிப் பறந்து இறங்கியும் பார்த்துவிட்டாள். திறக்கவில்லை.

வாரத்துக்கு ஒரு தடவை நான் கூப்பிடுகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வரவில்லை, எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையில்தான் கேட்கிறேன்.

"எறங்கியாச்சாம்மா?"

பிறந்ததிலிருந்து எனக்குத் தமிழில் ஒரு பதில் சொல்லாத பெண், இதற்கு மட்டும் தமிழில் சொல்கிறாள். "இல்ல சாச்சா. இன்னும் இல்ல." சிரித்துக்கொண்டு சொல்கிறாள், நல்ல இடத்தில் இருப்பவள் சொல்வது போல. அவள் இருப்பது ஓக்லண்டில், ஜன்னல் மூடிய ஓர் அப்பார்ட்மென்ட்டில். அவள் பேசி முடித்த பிறகு, ஃபோனை வைப்பதற்கு முன்னால், குரலுக்குப் பின்னால் அந்த இரைச்சல் எனக்குக் கேட்கிறது, பட்டுத் துணியை யாரோ நிறுத்தாமல் கிழித்துக்கொண்டே போவது போல.

சுதாகரைக் கேளுங்கள். அதையும் ஃபேன் என்றுதான் சொல்வான்.